தாத்தாவின் கனைப்பு

அறுபத்தெட்டாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை, இரண்டாவது கோப்பிக்கும் மூன்றாவது கோப்பிக்கும் நடுவில், பூன் டெக் தாத்தா ஆவதென்று முடிவு செய்தார்.

பேரப்பிள்ளைகள் கிடையாது. மெல்பர்னில் இருக்கும் மகன் ஒரு பூனையோடு நிறுத்திக்கொண்டான். அதனால் என்ன? அவர் ஆக நினைத்தது தொலைக்காட்சித் தாத்தா.

பினாங்குத் தீவில் தாத்தாக்களைப் பற்றி அவருக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது. ஹாங்காங் தொடரோ, தைவான் தொடரோ, உள்ளூர்ச் சீனர்கள் பேசும் ஹொக்கியன் மொழித் தொடரோ, கதாநாயகன் யார் என்று கேட்டால் விழிப்பார். தாத்தா யார் என்று கேட்டால் அவருக்குப் பல் எத்தனை என்பதுவரை சொல்வார். கைத்தடியால் தரையைத் தட்டியே ஒரு கல்யாணத்தை நிறுத்திய தாத்தா. வாரம் ஓர் உயில் எழுதிய தாத்தா. சதுரங்கப் பலகையைக் கோபத்தில் கவிழ்த்துவிட்டு, எல்லோரும் போனபின் காய்களைத் தானே குனிந்து பொறுக்கிய தாத்தா. அந்தக் காட்சியில் பூன் டெக் அழுதார். எந்தத் தாத்தாவானாலும் ஒரு விஷயம் பொது. அவர் தொண்டையைக் கனைத்தால், சாப்பாட்டு மேசையைச் சுற்றியிருக்கும் பதினோரு பேரும் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்துவிட்டு அவர் வாயைப் பார்ப்பார்கள்.

பூன் டெக் கனைத்தால் மனைவி கெய்க் சூ இருமல் மருந்தை எடுத்து வருவாள்.

முப்பத்தொரு வருடம் அவர் தீவுக்கும் கரைக்கும் போகும் ஃபெர்ரியில் கார்களை வரிசையாக நிறுத்தும் வேலை பார்த்தவர். என்ஜின் இரைச்சலில் பேச்சு எடுபடாது, கையும் விசிலும்தான். வீட்டிலும் பேச்சு எடுபடாது. அங்கே விசிலும் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து அவர் தொடங்கிய வாக்கியங்களையெல்லாம் கெய்க் சூதான் முடித்து வைத்தாள். பெரும்பாலும் அவர் நினைத்ததற்கு நேர்மாறாக.

கோப்பிக் கடைச் சுவரில் ஒட்டியிருந்த அறிவிப்பைப் பார்த்ததும் அவர் மூன்றாவது கோப்பியை மறந்துபோனதற்குக் காரணம் இதுதான். புதிய ஹொக்கியன் தொடர். நாற்பது வாரம். படப்பிடிப்பு இங்கேயே, ஜார்ஜ் டவுனில். குடும்பத் தலைவராக ஒரு தாத்தா தேவை. தேர்வு சனிக்கிழமை, குலச் சங்க மண்டபத்தில். அடியில் பேசிக் காட்ட வேண்டிய வசனம்: ‘இந்த வீட்டில் என் மூச்சு இருக்கும்வரை, என் வார்த்தைதான் கடைசி வார்த்தை.’

அதை மூன்று முறை படித்தார். பிறகு அறிவிப்பைப் பிய்த்து மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். போட்டிக்கு இன்னொரு கிழவன் வந்துவிடக் கூடாது.

கெய்க் சூவிடம் மூச்சு விடக்கூடாது என்பது முதல் விதி. ஒத்திகையைக் குளியலறையில் வைத்துக்கொண்டார்.

‘‘இந்த வீட்டில் என் மூச்சு இருக்கும்வரை...’’

‘‘குழாயை மூடு. தண்ணி வீணாப் போவுது’’ என்றது கதவு.

இரண்டாம் நாள் பிடிபட்டார். துண்டோடு நின்றபடி, சங்கத்து விருந்தில் பேசச் சொல்லியிருக்கிறார்கள் என்று ஒரு பொய்யைச் சொன்னார். கெய்க் சூ அவரை மேலும் கீழும் பார்த்தாள். விருந்தில் இப்படியா பேசுவார்கள் என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, எங்கே பேசு பார்க்கலாம் என்றாள்.

பேசினார். கத்தாதே, வீட்டுக்குப் பெரியவன் கத்த மாட்டான், குரலை இறக்கு என்றாள். இறக்கினார். ‘மூச்சு’ என்று சொல்லும்போது வயிற்றைப் பிடிக்காதே, சாப்பிட்டது செரிக்கவில்லை போலத் தெரிகிறது என்றாள். கடைசியில் அவளே எழுந்து நின்று ஒரு தடவை பேசிக் காட்டினாள். பூன் டெக்கின் கை தானாகவே, இல்லாத சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தது.

இத்தனை எளிதாக அவளை ஏமாற்றியதே இல்லை என்று அவருக்கு ஒரே குஷி. வியாழக்கிழமை அவள் நல்ல பூப்போட்ட கெபாயாச் சட்டை உடுத்தி மீன் வாங்கப் போனாள். மூன்று மணி நேரம் கழித்து மீனில்லாமல் வந்தாள். வசனத்தில் மூழ்கியிருந்தவர் மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

சனிக்கிழமை மண்டபத்தில் பதினான்கு கிழவர்கள். சுவருக்குச் சுவர் அறிவிப்பு ஒட்டியிருந்தார்களாம். ஆளுக்கொரு கைத்தடி, இரண்டு பேருக்கு ஒட்டுத் தாடி. பூன் டெக் வெறுங்கையோடு வரிசையில் நின்றார். அவர் முறை வந்தது. இயக்குநர் யீ வென், முப்பது வயதுப் பெண், தலை நிமிர்ந்து பார்த்து முகம் மலர்ந்தாள்.

‘‘பூன் டெக் அங்கிள்தானே? நீங்க பேசவே வேணாம். நீங்கதான் தாத்தா.’’

தன் பெயர் அவளுக்கு எப்படித் தெரியும் என்று அவர் யோசிக்கவில்லை. புகழ் வரும்போது யாரும் விலாசம் கேட்பதில்லை. நாற்பது வாரமும் இருப்பேனா என்று மட்டும் கேட்டார். நாற்பதிலும் இருப்பீர்கள், கூடத்தில் நடக்கும் ஒவ்வொரு காட்சியிலும், எல்லோர் தலைக்கும் மேலே என்றாள். வசனம்? இப்போதைக்கு உங்கள் கண் பேசினால் போதும் என்றாள். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ அங்கெல்லாம் போட்டார். போட வேண்டாத ஓரிடத்திலும் போட்டார்.

அங்கிருந்து கோப்பிக் கடைக்குப் போனார். போனார் என்பதைவிடப் பறந்தார் என்பதே சரி. கடைக்காரர் செங்கிலிருந்து நூடுல்ஸ் வறுப்பவர் வரை எல்லோருக்கும் செய்தி போயிற்று. கைத்தடி எதற்கு, நான் கண்ணாலேயே கல்யாணத்தை நிறுத்துவேன் என்றார். கெய்க் சூவிடம் மட்டும், முதல் நாள் படப்பிடிப்பு முடிந்த பிறகு, வசதியான நேரத்தில், முடிந்தால் தொலைபேசியில் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைத்தார்.

திங்கட்கிழமை அவருக்கு உயர்ந்த கழுத்துப்பட்டை வைத்த கறுப்பு மேலங்கி மாட்டினார்கள். நாற்காலியில் உட்கார வைத்தார்கள். புகைப்படக்காரர் ஒருவர், சிரிக்காதீங்க அங்கிள் என்றார். ஒரே ஒரு படம். அவ்வளவுதான், முடிந்தது என்றார்கள். உதவியாளப் பெண் இரண்டு கையாலும் ஒரு சிவப்பு உறையை நீட்டினாள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் முகம் கழுவப் பூ மிதக்கும் தண்ணீர்.

பூன் டெக் உறைந்துபோனார். உயிரோடு இருப்பவனைச் செத்தவனாகப் படம் பிடித்தால் தோஷம் கழிக்க இந்த இரண்டையும் தருவார்கள். பின்னால் திரும்பினார். கூடத்துச் சுவரில் ஆணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ஆணிக்குக் கீழே ஊதுபத்திக் கிண்ணம்.

‘‘தாத்தா... செத்துட்டாரா?’’

‘‘கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே போய்ட்டாரு’’ என்றது ஒரு குரல். அதைக் கேட்டு எழுந்து நிற்காமலிருக்க அவருக்கு எந்த நாளும் முடிந்ததில்லை. நரைக் கொண்டையும் பச்சைக்கல் தோடுமாக, குடும்பத் தலைவியின் கோலத்தில், கெய்க் சூ நின்றாள். ‘‘நான் உன் விதவை.’’

‘‘நீ... எப்படி...’’

‘‘சட்டைய யார் துவைக்கிறா? பையில தாள். வியாழக்கெழம வந்தேன், அந்த வசனத்தப் பேசினேன். அந்தப் பொண்ணு கதையவே மாத்திட்டா. பெரியவரு வேணாம், பெரியம்மா போதும்னு. புருஷன் படம் ஒண்ணு வேணும்னா. வீட்ல ஒண்ணு சும்மாத்தான் இருக்குன்னேன்.’’

‘‘ஆ சூ, உயிரோட இருக்கிறவன் படத்துக்கு ஊதுபத்தி...’’ என்று வீட்டில் கூப்பிடும் பெயரைச் சொல்லி இழுத்தார்.

‘‘அதுக்குத்தான் சிவப்பு உறை, பூத்தண்ணி. தொடர் முடிஞ்சதும் படத்த நம்ம கண்ணு முன்னாடி எரிச்சுடணும்னு எழுதி வாங்கிருக்கேன். ஆ டெக், நீயும் பாத்திருக்கல்ல? வாயத் தெறந்து பேசுற தாத்தா எவனாவது ஆறாவது வாரத்தத் தாண்டியிருக்கானா? நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு விழுந்துருவான். படம் நாப்பது வாரம் தொங்கும்.’’

தாத்தாக்களின் வரலாறு முழுவதும் அவள் பக்கம் இருந்தது. விலகவும் வழியில்லை, கோப்பிக் கடையில் செங் நாற்காலிகளைத் தொலைக்காட்சிப் பக்கம் திருப்பிப் போட ஆரம்பித்துவிட்டார். முகம் கழுவிக்கொண்டு, கேமராவுக்குப் பின்னால் ஓர் ஓரத்தில் உட்கார்ந்தார்.

முதல் காட்சி. சாப்பாட்டு மேசை. சுற்றிலும் பதினோரு பேர். சுவரில் பூன் டெக், சிரிக்காமல். கெய்க் சூ ஊதுபத்தி ஏற்றிவிட்டுப் படத்தை நிமிர்ந்து பார்த்தாள்.

‘‘இத்தன வருஷம் உன்கிட்ட பேசினேன். ஒரு தடவையாவது பதில் சொல்லியிருக்கியா?’’

விளக்குப் பிடித்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூன் டெக் பதில் சொல்லப் பாதி எழுந்துவிட்டு மறுபடி உட்கார்ந்தார். அடக்கிப் பார்த்தார். முடியவில்லை. கனைத்துவிட்டார்.

பதினோரு பேரும் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார்கள். பதினோரு தலையும் அவர் பக்கம் திரும்பியது. கூடமே நின்றுவிட்டது. ஒரு வாழ்நாள் அவர் காத்திருந்த அமைதி. இப்போது எதைச் சொன்னாலும் கேட்பார்கள். வாயைத் திறந்தார்.

‘‘ஒண்ணுமில்ல, அவருக்கு இருமல்’’ என்றாள் கெய்க் சூ. ‘‘நீங்க சாப்பிடுங்க.’’

ஆனால் யீ வென் துள்ளி எழுந்தாள். இது பிரமாதம், பெரியம்மா கேள்வி கேட்கும்போதெல்லாம் படத்திலிருந்து ஒரு கனைப்பு கேட்கட்டும், நாற்பது வாரமும் இது வேண்டும் என்றாள். பூன் டெக்கின் காது சிவந்தது. வசனம் இல்லைதான். ஆனால் ஒரு கனைப்பு. நாடு முழுக்கக் கேட்கப்போகிற, அவருடைய சொந்தக் கனைப்பு. கெய்க் சூகூட மறுப்புச் சொல்லவில்லை.

ஒளிபரப்பான அன்று மாலை கோப்பிக் கடையில் நிற்க இடமில்லை. கெய்க் சூ அவர் பக்கத்தில் உட்கார்ந்து நிலக்கடலை உரித்துக்கொண்டிருந்தாள். திரையில் ஊதுபத்தி ஏற்றினாள். படத்தைப் பார்த்தாள். கேள்வி கேட்டாள். பூன் டெக் கையை உயர்த்தினார். கடையில் மூச்சுச் சத்தமில்லை.

படம் கனைத்தது. கம்பீரமான கனைப்பு. மேசை அதிர, மேல்தட்டுப் பீங்கான் அதிர. கடையே கைதட்டியது; செங் ஓடிவந்து அவர் முதுகில் தட்டினார். பூன் டெக் மட்டும் கையை இறக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

‘‘ஆ சூ. அது என் கனைப்பு மாதிரி இல்லையே.’’

‘‘அன்னைக்கு மைக் என் சட்டையிலதான இருந்துச்சு, உன்னுது சரியா விழல’’ என்று கடலையை அவர் உள்ளங்கையில் வைத்தாள் கெய்க் சூ. ‘‘நானே கனைச்சுட்டேன்.’’