தொடக் கூடாத கம்ப்யூட்டர்

என் மனைவி பல் டாக்டர். ஊரே அவள் முன்னால் வாயைத் திறக்கும். வீட்டில் நான் ஒருவன்தான் திறப்பதில்லை.

அவள் கிளினிக்கில் ஓய்வு பெற்ற பழைய கம்ப்யூட்டர் எங்கள் வீட்டு மூலையில் கிடந்தது. திரையும் பெட்டியும் ஒரே உடம்பு. "நோயாளிங்க விவரமெல்லாம் இதுக்குள்ள இருக்கு. கை வெச்சீங்க, நடக்கறதே வேற" என்று சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் புறப்பட்டாள்.

தெருமுனையைத் தாண்டியிருக்க மாட்டாள். நான் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்துவிட்டேன்.

திட்டம் எளிது. கம்ப்யூட்டரின் மூளையைக் கழற்றிவிட்டு, தீப்பெட்டி அளவுக் குட்டி மூளையான மைக்ரோகன்ட்ரோலரை மாட்டி, அந்தத் திரையில் எண்களை ஓடவிட வேண்டும். ஆசை தீரப் பார்த்துவிட்டு, அவள் வருவதற்குள் பழையபடி பூட்டிவிடலாம்.

மூளையை இழுத்தேன். டக். அது இரண்டாக வந்தது.

போன் அடித்தது.

"என்ன பண்றீங்க?"

"சும்மாதான் இருக்கேன்."

"சும்மா இருக்கறவருக்கு ஏன் இப்படி மூச்சு வாங்குது?"

"மாடி ஏறினேன்."

"நம்ம வீட்டுக்கு ஏது மாடி? நான் வந்துட்டே இருக்கேன்."

இனி ஒரே வழிதான். திரையாவது உயிரோடு இருப்பதைக் காட்டி அவள் காலில் விழ வேண்டும். மைக்ரோகன்ட்ரோலரை இணைத்தேன். திரையில் படம் கோடு கோடாகச் சரிந்தது. ஒவ்வொரு வரியும் எப்போது தொடங்க வேண்டும் என்று மைக்ரோகன்ட்ரோலர் திரைக்கு நேரத்தோடு சொல்ல வேண்டும். என்னைப் போலவே தாமதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. நேரத்தைக் குறைத்தேன், எண் மேலே ஓடியது. கூட்டினேன், கீழே விழுந்தது. வாசலில் வண்டிச் சத்தம். பதறியதில் விரல் எதையோ தட்டியது. படம் ஆடாமல் அசையாமல் நின்றது: 1.

மனைவி உள்ளே வந்தாள். பின்னாலேயே கிளினிக் கம்பவுண்டர்.

"மன்னிச்சிடும்மா. விவரமெல்லாம் போச்சு."

"அதெல்லாம் எப்பவோ புதுக் கம்ப்யூட்டருக்கு மாத்தியாச்சு."

"அப்புறம் ஏன் தொடக் கூடாதுன்னே?"

"டோக்கன் நம்பர் காட்ட ஒரு திரை செஞ்சு குடுங்கன்னு எத்தனை தடவை கேட்டேன்? அசைஞ்சீங்களா? தொடாதீங்கன்னாதானே கை வெப்பீங்க."

கம்பவுண்டர் பெட்டியை அலுங்காமல் தூக்கினார். "டாக்டரம்மா, கிளினிக் சுவத்துல பலகை அடிச்சு வெச்சாச்சு. கொண்டுபோய் வெக்க வேண்டியதுதான்."

"வைங்க" என்றவள் என் பக்கம் திரும்பினாள். "அந்த முதல் நம்பர் உங்களுக்குத்தான். கடைவாய்ப் பல்லைக் காட்டாம எத்தனை மாசமா டிமிக்கி குடுக்கறீங்க? வந்து வண்டியில ஏறுங்க."