கருவாட்டுக்கு அடியில் ஐந்து லட்சம்

என்னைவிடப் பெரிய முட்டாள் மரக்காணத்தில் யாராவது இருந்தால், கையெடுத்துக் கும்பிட்டு இந்தப் பட்டத்தை அவரிடம் ஒப்படைத்துவிடத் தயார். இதுவரை ஒருவரும் வரவில்லை.

பண விஷயத்தில் வாயே திறக்காதவன் நான். ஏடிஎம்மில் பின்னால் ஆளே இல்லாவிட்டாலும் கையால் மறைத்துக்கொண்டுதான் நம்பரை அழுத்துவேன். (கணக்கில் எண்ணூறு ரூபாய் இருக்கும்.) அப்படிப்பட்டவன் அப்பாவின் சவுக்குத் தோப்பை விற்றேன். வாங்கியவர் குயிலாப்பாளையத்தில் விடுதி நடத்துபவர். விலை ஐந்து லட்சம். பத்திரத்தில் இரண்டு, மீதி மூன்று கணக்கில் வராமல் கையில். அந்த மூன்றை அரசாங்கத்திடம் மட்டுமல்ல, கூடவே கையெழுத்துப் போட்ட கஸ்தூரி அக்காவிடமும் மறைத்தேன். தோப்பில் அவளுக்குச் சரிபாதி. உப்பளத்தில் கால் வெடிக்க வேலை செய்கிறவள், பங்கு வந்தால் இட்லிக் கடை போடலாம் என்றிருந்தாள். "ஒரு லட்சம்தானாடா? சரி போ, கூரையாச்சும் மாத்துறேன்" என்றாள். நான் ஆறுதல் வேறு சொன்னேன்.

ஐந்தையும் ரொக்கமாக வாங்கிப் பையில் போட்டு, மேலே இரண்டு கிலோ கருவாட்டைப் பரப்பினேன். எந்தத் திருடன் மூக்கை நீட்டுவான்? திருடனை நினைத்தேனே தவிர, தேர்தலை நினைக்கவில்லை. உப்பளத்தை ஒட்டிய ரோட்டில் பறக்கும் படை ஸ்கூட்டரை மடக்கியது.

"பையில என்னா?"

"கருவாடு சார்."

"கருவாட்டுக்கா உனக்கு இப்டி வேர்க்குது?"

பணத்தை ஜீப் பானெட்டில் அடுக்கி, வீடியோ எடுத்துக்கொண்டே சத்தமாக எண்ணினார்கள். ("மூஞ்சிய இந்தப் பக்கம் காட்டுப்பா" என்று அதட்டல் வேறு.) உப்பளத்து ஜனமெல்லாம் வரப்பில் ஏறி நின்று பார்த்தது. ஒருத்தி மட்டும் வெறுங்காலோடு ஓடி வந்தாள். அக்கா.

"என் தம்பிங்க! திருட்டுப் பணம் இல்லைங்க, எங்க தோப்பு வித்தது. ரெண்டு லட்சம். நானும் கையெழுத்து போட்டிருக்கேன்."

அதிகாரி என்னிடமிருந்த பத்திர நகலைப் பார்த்தார், பானெட்டைப் பார்த்தார். "பேப்பர்ல ரெண்டுதாம்மா. இங்க அஞ்சு இருக்குது. மீதி மூணு ஏது?"

அக்கா என்னைப் பார்த்தாள். நான் கருவாட்டைப் பார்த்தேன்.

கையில் ஒட்டியிருந்த உப்பைப் புடவையில் துடைத்தாள். "திருடுறவன் இல்லைங்க அவன்" என்றாள் மறுபடியும். முதலில் இருந்த சத்தம் இப்போது அதில் இல்லை.

பத்திரத்தைக் காட்டி இரண்டு லட்சத்தை மீட்டேன். மூன்று லட்சம் வருமான வரிக்காரர்களுக்கு விளக்கம் சொல்ல முடியாமல் இன்னும் மாட்டிக்கொண்டிருக்கிறது. இப்போதும் நான் வீட்டில் எதையாவது மழுப்பினால் போதும், "வீடியோ எடுக்கட்டுமாப்பா?" என்று பிள்ளைகள் செல்போனைத் தூக்குவார்கள். எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். அக்கா இருந்தால் மட்டும் யாரும் அந்தப் பேச்சை எடுப்பதில்லை.

பணம் கைக்கு வந்த அன்றே, இரண்டு லட்சத்தையும் அப்படியே அவளிடம் கொண்டுபோய் வைத்தேன். "எல்லாம் உனக்குத்தாங்க்கா. கடைய போடு."

உப்பளத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், சரியாகப் பாதியை எடுத்துக்கொண்டு மீதியை என் பக்கம் தள்ளினாள்.

"ஒரு லட்சம்னுதான சொன்ன?"