மீட்டர் மாட்டினார், மாட்டிக்கொண்டார்

மிஸோ சூப்பைக் குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கீழே வைத்த வினாடியில் குனிஹிகோ ஒரு முடிவுக்கு வந்தார். இனி இந்த வீட்டில் தாம் நினைத்ததுதான் நடக்கும். காரில் மீட்டர் மாட்டியே தீருவது. அதுவும் ஒன்றல்ல, மூன்று!

முடிவெடுத்த கையோடு எழுந்து போய்க் கிண்ணத்தைக் கழுவி வைத்தார்.

குனிஹிகோவுக்கு மாயெபாஷியில் ஒரு கொன்யாகு ஆலையில் மேற்பார்வையாளர் வேலை. கொன்யாகு என்பது கிழங்கு மாவில் செய்கிற பண்டம். சாம்பல் நிறத்தில் வழவழவென்று இருக்கும். எந்தப் பக்கம் அமுக்கினாலும் வளைந்து கொடுக்கும். பெண் பார்க்கப் போனபோது இவர் வேலையைக் கேட்டுவிட்டு, "பொருத்தமாத்தான் இருக்கு" என்று சம்மதம் சொன்னவள் மசுமி.

கல்யாணத்துக்கு முன்பே வாங்கிய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று அவரிடம் இருந்தது. இரண்டே சீட். டர்போ எஞ்சின். மசுமி போட்ட நிபந்தனையும் ஒன்றே ஒன்றுதான். "அகாகி மலைப் பாதையில அதை எடுத்துக்கிட்டு ஏறக் கூடாது. ஏறினீங்கன்னு தெரிஞ்சா, வண்டி உங்க கையில இருக்காது."

வீட்டு வாசலிலிருந்து பார்த்தாலே மலை தெரியும். வளைந்து வளைந்து கூப்பிடும். இவர் தலையைத் திருப்பிக்கொண்டு ஆலைக்குப் போவார்.

சரி, மலைதான் இல்லை. மீட்டராவது இருக்கக் கூடாதா? கேட்டால் மறுப்பாள். ஆகவே அவளே "மாட்டுங்க" என்று சொல்லும்படி செய்துவிட வேண்டும். திட்டம் அன்று மாலையே தொடங்கியது. காரின் முன்பக்க மூடியில் காதை வைத்து நின்றார். பெருமூச்சு விட்டார்.

"எஞ்சின்லேர்ந்து ஏதோ சத்தம் கேக்குது, மசுமி."

"அது உங்க வயித்துலேர்ந்துங்க. சோறு போடட்டுமா?"

சாப்பாட்டில் மறுபடி ஆரம்பித்தார். மசுமிக்கு ஒரு கிளினிக்கில் வேலை. நாள் முழுக்க வருகிறவர்களுக்கெல்லாம் ரத்த அழுத்தம் பார்க்கிறவள். அந்தப் பக்கமாகப் பிடித்தார்.

"உங்க கிளினிக்குக்கு ஒருத்தர் வராரு. பிரஷர் பாக்காம, காய்ச்சல் பாக்காம மருந்து குடுப்பீங்களா?"

"மாட்டோம்."

"வண்டிக்கும் அதேதான். ஆயில் எவ்வளவு சூடா இருக்குன்னு தெரியணும். ஆயில் பிரஷர் தெரியணும். டர்போ எவ்வளவு காத்தை அமுக்குதுன்னு தெரியணும். மூணு மீட்டர்!"

"ஏற்கெனவே அதுல அஞ்சாறு முள்ளு இருக்கே?"

"அதெல்லாம் பேருக்கு இருக்கற முள்ளு. எஞ்சின் வெந்து போன பிறகு நிதானமா வந்து துக்கம் விசாரிக்கும்."

"அதுக்காக மூணா?"

"எதுக்கும் ஒரு அளவு வேணும்னு நீதானே சொல்லுவே? நான் மூணு அளவு கேக்கறேன்."

மசுமி சிரிக்கவில்லை. ஊறுகாயை ஒரு கடி கடித்தாள். "சரி, மாட்டிக்குங்க" என்றாள்.

குனிஹிகோ ஆடிப்போனார். இன்னும் அரை மணி நேரத்துக்கு வாதம் கைவசம் இருந்தது. அத்தனையும் வீணாகிப்போனதில் கொஞ்சம் வருத்தம்கூட.

கடைக்கு மசுமியும் வந்தாள். உதிரிச் சாமான்கள் விற்கும் நெமோதோவின் கடை அது. சுவர் முழுக்க மீட்டர்கள். கறுப்பு முகம், வெள்ளை முகம், ஆரஞ்சு விளக்கு, நீல விளக்கு. குனிஹிகோவுக்குக் கோயிலுக்குள் நுழைந்த மாதிரி இருந்தது. பெரிய மீட்டரைத் தொட்டார்.

"அதை வச்சா ரோடு எப்படித் தெரியும்?" என்றாள் மசுமி. சின்னது முடிவாயிற்று.

வெள்ளை முகத்தைத் தொட்டார். "வெயில்ல கண்ணு கூசும்." கறுப்பு முடிவாயிற்று.

இப்படியே போனால் தம் பங்குக்கு ஒன்றும் மிஞ்சாது என்று அவருக்குத் தோன்றியது. தம் ஞானத்தைக் காட்டியாக வேண்டும். ஒரு மீட்டரை எடுத்துக் காட்டினார்.

"இதுல ஒரு விசேஷம் இருக்கு, பாரு. இந்தப் பட்டனை அமுக்கினா, கடைசியா அழிச்சதுக்கு அப்புறம் எது எவ்வளவு உச்சத்துக்குப் போச்சோ, முள்ளு தானா போய் அங்க நிக்கும். மனுஷன் மறந்தாலும் இது மறக்காது!"

நெமோதோ லேசாக இருமினார்.

"அப்படியா? அப்ப அதையே வாங்கிடுங்க" என்றாள் மசுமி.

"இது விலை கொஞ்சம் ஜாஸ்தி."

"உடம்பு விஷயத்துல கஞ்சத்தனம் கூடாதுங்க."

நெமோதோ இன்னொரு முறை பலமாக இருமினார். நல்ல மனிதர். தம்மால் ஆனதைச் செய்தார். குனிஹிகோ அதைக் குளிர்காற்று என்று எடுத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வேலை ஆரம்பித்தது. டேஷ்போர்டுக்கு அடியில் தலை, சீட்டின் மேல் இடுப்பு, கதவுக்கு வெளியே கால். அந்த நிலையில் அவரைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டுமா என்று விசாரித்தார். மசுமி டார்ச் பிடித்தாள். எஞ்சின் பக்கத்திலிருந்து ஒயரை உள்ளே இழுக்க ஒரு ரப்பர் ஓட்டை உண்டு. சுண்டெலி நுழையத் தயங்குகிற ஓட்டை. அதில் மூன்று ஒயரையும் நுழைப்பதற்குள் அவருக்கே பிரஷர் ஏறிவிட்டது. ஆயில் ஃபில்டரைக் கழற்றி சென்சார் வைக்கும்போது பழைய ஆயில் நேராக மூக்கில் இறங்கியது.

"வாயை மூடிக்குங்க" என்றாள் மசுமி. கல்யாணமான நாளாகச் சொல்லிவருவதுதான். அன்றைக்கு அதில் உண்மையான அக்கறை இருந்தது.

மூன்றையும் டேஷ்போர்டின் மேல் வரிசையாகப் பொருத்திச் சாவியைத் திருப்பினார். மூன்று முட்களும் ஒரே சமயத்தில் கோடிவரை போய், வணக்கம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தன. குனிஹிகோவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"மாட்டிட்டேன், மசுமி!"

"ஆமாங்க, மாட்டிட்டீங்க" என்றாள் அவள்.

மீட்டர் வந்துவிட்டதே தவிர, ஊருக்குள் ஓட்டினால் முள் அசைவேனா என்றது. சிக்னலுக்குச் சிக்னல் டர்போ தூங்கியது. இதைப் பார்க்கவா மூக்கில் ஆயில் குடித்தோம்? அடுத்த சனிக்கிழமை மதியம் அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

"பல்லு வலிக்குது. டாக்டர்கிட்டப் போயிட்டு வந்துடறேன்."

"பாத்துப் போங்க."

அகாகி மலை அவருக்காகவே காத்திருந்தது. முதல் வளைவிலேயே டர்போ விழித்துக்கொண்டது. முள் துள்ளியது. ஆயில் சூடு ஏறியது. குனிஹிகோவின் வயது இறங்கியது. உச்சி வரை போய், அங்குள்ள ஏரியின் காற்றை ஒரு வாய் குடித்துவிட்டு இறங்கினார். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தும்போதுதான் சுரீர் என்றது. மனுஷன் மறந்தாலும் இது மறக்காதே! அவசர அவசரமாகப் பட்டனை அமுக்கி மூன்றிலும் ஞாபகத்தை அழித்தார். தம் சமயோசிதத்தை நினைத்துத் தாமே முதுகில் தட்டிக்கொள்ளாத குறை.

மறுநாள் காலை மசுமி காரில் உட்கார்ந்து பட்டன்களை அமுக்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர்கிட்ட நேத்து இந்த வண்டியிலதானே போனீங்க?"

"பின்ன?"

"மூணும் பூஜ்யம் காட்டுது. ஆயில் சூடாகவே இல்ல. டர்போ மூச்சே விடல. வண்டியைத் தள்ளிக்கிட்டா போனீங்க?"

"அது வந்து... மெதுவா ஓட்டினேன்."

"எந்தப் பல்லு?"

குனிஹிகோ இடது கன்னத்தைக் காட்டினார். நேற்று வலதோ என்று சந்தேகம் வந்தது. வலதையும் காட்டினார்.

"அழிக்கற அளவுக்கு ஏதோ இருந்திருக்கு" என்றாள் மசுமி. "அது என்னான்னு நான் கேக்கப் போறதில்ல. சாவி."

குனிஹிகோ பையைத் துழாவினார். சாவியைக் கொடுத்தார். விற்றுவிடுவாளோ என்று பயந்தார். ஆனால் மசுமி இரக்கமுள்ளவள்.

"விக்கல. ஆலைக்கு என் வண்டியை எடுத்துக்கிட்டுப் போங்க. இதை நான் கிளினிக்குக்கு ஓட்டிக்கறேன். சும்மா நிறுத்தினா பாட்டரி போயிடும்."

மசுமியின் வண்டி, அந்த ஊரில் குட்டிக் கார்களுக்கு மாட்டுகிற மஞ்சள் நம்பர் பலகை வைத்த சதுர டப்பா. அதில் முழங்காலை மோவாயில் இடித்துக்கொண்டு ஆலைக்குப் போனபோதும் குனிஹிகோ நன்றியோடுதான் போனார். கார் வீட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கழுவவும் அனுமதி உண்டு.

அப்படிக் கழுவிக்கொண்டிருந்த ஒரு நாள், ஏக்கம் தாங்காமல் உள்ளே உட்கார்ந்து, கழுவுவதற்காக மசுமி தந்திருந்த சாவியைத் திருப்பிப் பட்டனை அமுக்கினார். முட்கள் கிளம்பின. நிற்காமல் போயின. அன்றைக்கு மலையில் தாம் எட்டிய இடத்தைத் தாண்டியும் போய் நின்றன. கிளினிக்குக்கு வழி சமதரை. நடுவில் இரண்டு சிக்னல். ஈரத் துணியோடு சமையலறைக்கு ஓடினார்.

"மசுமி! கிளினிக்குக்கு எந்த வழியா போறே?"

"மலை வழியா" என்றாள், வெங்காயத்தாளை நறுக்கிக்கொண்டே.

"மலை... மீட்டர் எல்லாத்தையும் காட்டுதே!"

"காட்டட்டும். நான் எதுக்கு அழிக்கணும்? எனக்கு யாருகிட்டப் பயம்?"

குனிஹிகோ நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

"எங்கப்பாவோட முட்டைக்கோசு லாரியை அந்தப் பாதையில இறக்கினவ நான். ஒரு கோசு உருளக் கூடாது. உருண்டா அன்னிக்கு ராத்திரிச் சோறு கிடையாது."

"அப்புறம் ஏன் என்னை மட்டும் போகக் கூடாதுன்னு சொன்னே?"

"நிச்சயம் ஆனதும் என்னை மேல கூட்டிக்கிட்டுப் போனீங்களே, ஞாபகம் இருக்கா? நீங்க ஓட்டினதைப் பாத்த பிறகுதாங்க அந்த நிபந்தனையே போட்டேன்."

அவர் முகம் கொன்யாகு நிறத்துக்கு வந்துவிட்டது. மசுமிக்கே பாவமாகப் போயிற்று. கத்தியைக் கீழே வைத்தாள்.

"வாங்க, ஒரு சுத்து போயிட்டு வரலாம். ஆயில் சூடேறற வரைக்கும் மெதுவாத்தான் போவேன். பயப்படாதீங்க."

பயப்படத்தான் செய்தார். ஆயில் சூடேறிய பிறகு இரண்டு கையாலும் கதவுப் பிடியைப் பற்றிக்கொண்டு, முள்ளை மட்டும் பார்த்தபடி வந்தார். முள் ஒரு வளைவிலும் தடுமாறவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

உச்சியில் வண்டி நின்றதும் அங்கே கூடியிருந்த கார்க்காரர்கள் ஓடி வந்து சூழ்ந்துகொண்டார்கள். மசுமி இறங்கியதும் ஆளுக்கு ஆள் தலைவணங்கினார்கள். தலையில் துண்டு கட்டிய ஒருவன் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தான்.

"அக்கா, மீட்டர் மூணும் அம்சமா உக்காந்திருக்கே! ஒரு ஒயர் வெளிய தெரியல. யாரு மாட்டினது?"

குனிஹிகோவுக்கு உயிர் வந்தது. சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபக்கம் இறங்கி நிமிர்ந்து நின்றார்.

"இவருதான்" என்றாள் மசுமி.

அவன் இவரை மேலும் கீழும் பார்த்தான். கண்களில் பொறாமை தெரிந்தது.

"உங்களுக்கென்னக்கா, மெக்கானிக்கைக் கூடவே கூட்டிக்கிட்டு வர்றீங்க! சம்பளம் நிறையக் கேப்பாரோ?"

"சம்பளமெல்லாம் கிடையாது" என்றாள் மசுமி. "சாப்பாடு மட்டும்தான்."