நூல் ஐயாவின் பிரஷர்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்கடுவ மலைக்குப் போய்ப் பாருங்கள். தேயிலைக்கு நடுவே ஏறும் முன்னூற்றுப் பன்னிரண்டு படியிலும் ஆள். மூச்சு வாங்குகிறவர், முழங்காலைப் பிடித்துக்கொண்டு நிற்கிறவர், "இன்னும் எவ்வளவு இருக்கு?" என்று அழாக்குறையாகக் கேட்கிறவர். எல்லாரும் நூல் ஐயாவிடம்தான் போகிறார்கள். கையில் ஒரு நூல் கட்டுவார், அரை மணி நேரத்தில் பிரஷர் இறங்கிவிடும். மெஷினே சாட்சி! கடவுளை நம்பாதவன்கூட மெஷினை நம்புவானே.

நூல் ஐயா பிறக்கும்போதே ஐயா இல்லை. மாரிமுத்து என்ற பெயரில் மாத்தளை மாவட்டத்து நாலந்தா பக்கம் ஒரு வாசனைத் திரவியத் தோட்டத்தில் வெள்ளைக்காரர்களுக்கு முடி வளர்க்கும் தைலம் விற்றவர். அவருடைய தலையிலேயே முடி இல்லை என்பதை ஒரு ஜெர்மன்காரி கவனித்துவிட்டாள். அன்றோடு தொழில் மாறியது. இப்போது ஐயாவுக்கு மத பேதமே கிடையாது. இந்துக்களுக்கு மஞ்சள் நூல், முஸ்லிம்களுக்குப் பச்சை, சிங்களவருக்கு வெள்ளை. வாங்குவது என்னவோ மாத்தளை டவுனில் ஒரே கடையில்.

அந்தப் பச்சை நூலைக் கட்டிக்கொண்டவர்களில் உக்குவளை அரிசிக் கடை ஜிப்ரியும் ஒருவர். காலையில் கடையில் உட்கார்ந்தால் மத்தியான லுஹர் பாங்குக்குத்தான் எழும்புவார். நூறு மீட்டர் தள்ளியிருக்கும் பள்ளிவாசலுக்கும் மோட்டார் சைக்கிள். அவருடைய கூடப்பிறந்த மூத்த நானா போன வருஷம் பிரஷர் ஏறி ஒரு பக்கம் இழுத்துப் படுக்கையில் விழுந்தவர். இன்றைக்கும் அவருக்கு யாராவது சோறு ஊட்ட வேண்டும். இதைக் கண்ணால் பார்த்த மனுஷன், நூல் கட்டிய மறுநாளே கிளினிக்கில் கொடுத்த பிரஷர் குளிசைப் பெட்டியைக் குப்பையில் போட்டார்!

மனைவி மஸூதாவுக்கு மூன்று வாரமாகச் சரியான தூக்கமில்லை. புருஷனின் குறட்டை நின்றால் போதும், பதறி எழும்பி மூக்கில் கை வைத்துப் பார்ப்பாள்.

"குளிசய போடுங்க. உங்கட நானாவ பாத்தும் புத்தி வரல்லயா?"

"அதுக்குத்தானே நூல் ஈக்கு! நம்பிக்கை இல்லன்டா வா, மெஷின்ல உன்ட கண்ணாலயே பாரு."

போனாள். பின்பக்க ரோட்டால் த்ரீவீலில் இரண்டு பேரும் மேலே போய்ச் சேர்ந்தார்கள். படி ஏறி வந்தவர்களுக்கு, வந்த மூச்சோடு மெஷினைக் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார் ஐயா. வாகனத்தில் வந்தவர்களுக்கு மட்டும் ஒரு விசேஷப் பரிகாரம். "டயர் தோஷம்" கழிய, பலா மரத்தைப் பதினொரு தடவை வேகமாகச் சுற்ற வேண்டும். ஆகா, தோஷத்திலும் என்ன முன்னேற்றம்!

ஜிப்ரி தொப்பையைத் தூக்கிக்கொண்டு சுற்றினார். மெஷின் 184 காட்டியது. நூல் கட்டினார்கள். அரை மணி நேரம் பேசக் கூடாது, கால் மேல் கால் போடக் கூடாது, முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடி உட்கார வேண்டும். பிறகு பார்த்தால் 156.

"பாத்தியா!" என்றார் ஜிப்ரி.

மஸூதா பார்த்தாள். கூடவே கிளினிக்கில் நர்ஸ் கமலாட்சி மிஸ்ஸி சொன்னதும் ஞாபகம் வந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிப்போனால் அந்த மிஸ்ஸி மெஷினையே தொட மாட்டாள். "கொஞ்சம் சும்மா உக்காருங்க. ஓடி வந்த ஒடனே பாத்தா கூடுதலாத்தான் காட்டும்" என்பாள்.

அடுத்த ஞாயிறு மஸூதா படியேறியே போனாள். ஜிப்ரி வழக்கம்போல த்ரீவீலில். மஸூதாவுக்கு முதலில் 150. ஐயா பச்சை நூல் கட்டினார். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் அதை அவிழ்த்துவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுபோன வேறொரு நூலைக் கட்டிச் சட்டைக் கையை இழுத்து மூடிக்கொண்டாள். அரை மணி நேரம் கழித்து 122.

"பாருங்க சனங்களே, நூலோட மகிமைய!" என்று ஐயா முழங்கினார்.

மஸூதா கையைத் தூக்கிக் காட்டினாள். "இது எங்கட கடையில சம்பா அரிசிச் சாக்குட வாய தச்ச நூல். சாக்குக்கும் மகிமை ஈக்கா ஐயா?"

கூட்டம் சிரித்தது. ஐயா அசரவில்லை. தைலம் விற்ற வாயல்லவா! "எறக்குறது என் பார்வைம்மா. எறங்கினது திரும்ப ஏறாமக் காவல் காக்கத்தான் நூலு."

"அப்படியா? உங்கட கையில பதினொரு நூல் ஈக்கே. பதினொரு காவல்காரன்! நீங்களே மரத்த சுத்திட்டு வாங்க. ஏறுதான்னு பாப்போம்."

ஐயா மறுப்பதற்குள் பக்தர்கள் முந்திக்கொண்டார்கள். "சுத்துங்க ஐயா! அந்தப் பொம்பளைக்குக் காட்டுங்க!" பாவம், அவரைக் காப்பாற்றத்தான் அப்படித் தள்ளினார்கள். ஏழாவது சுற்றில் ஐயா வேரில் உட்கார்ந்துவிட்டார். மெஷின் 196 என்றது. அதைப் பார்த்ததும் அவருக்கு மந்திரம் தந்திரம் எல்லாம் மறந்துபோய், டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த சம்சாரத்தைப் பார்த்து அலறினார்.

"வேலம்மா! ஏய் வேலம்மா! எங்கடி என் குளிச?"

"காலையில போடலியா நீங்க? கிளினிக்ல குடுத்தது அலுமாரியிலதானே கெடக்கு!" என்று அந்த அம்மாள் மலைக்கே கேட்கிற மாதிரி பதில் கத்தினாள்.

ஐயாவே குளிசை போடுகிறவர் என்று கூட்டத்துக்குப் புரிந்தது. பிறகு ஐயாவின் காதில் விழுந்த வார்த்தைகளை இங்கே அச்சடிக்க முடியாது.

ஜிப்ரியின் முகம் வெளுத்துவிட்டது. மெதுவாக மனைவியின் பக்கத்தில் வந்து நின்றார். "மஸூதா, மெய்யாவே எனக்கு பயமா ஈக்கு. நாளைக்கு கிளினிக்குக்குப் போவமா?"

"நாளைக்கா? இப்பவே ஆஸ்பத்திரிக்கு வாங்க." அவளுக்கு நான்கு வாரப் பயம் கண்ணில் முட்டிக்கொண்டு வந்தது.

புறப்படும்போது டெய்லர் முனாஸ் ஓடிவந்தார். "ராத்தா, எல்லாம் பொய்யெண்டும் செல்ல ஏலாது. நாலு மாசமா வாறேன். எனக்கு மெய்யாவே பிரஷர் கொறஞ்சீக்கு. கிளினிக்லயும் அப்படித்தான் சென்னாங்க."

"குளிசய நிப்பாட்டினீங்களா?"

"இல்ல, பொஞ்சாதி விடல்ல."

"வேற என்ன செஞ்சீங்க?"

"ஒண்டுமில்ல. முதல் நாள் படி ஏற ஏலாம பாதியில இருந்துட்டேன், வெக்கமாப் போச்சு. அதுக்குப் பொறகு டெய்லி விடிய சுபஹு தொழுதுட்டு அர மணித்தியாலம் வேகமா நடந்து பழகினேன்."

"அதுதான் மருந்து! நடக்க நடக்க இதயத்துக்குப் பலம் வரும், ரத்தத்தத் தள்ள அவ்வளவு கஷ்டப்படாது. ரத்தக் குழாயும் இளகும். குளிசயோட இதையும் செய்யுங்கன்னு கமலாட்சி மிஸ்ஸி தொண்ட கிழியக் கத்துறா. காசு வாங்காம செல்றதால ஒருத்தரும் கேக்கல்ல."

முனாஸ் தலையை ஆட்டினார். நன்றாகப் புரிந்துகொண்ட முகம். பிறகு மணிக்கட்டை நீட்டினார்.

"சரி ராத்தா. அந்த அரிசிச் சாக்கு நூல்ல எனக்கும் ஒரு துண்டு கட்டி விடுங்களேன்."

அவருக்குப் பின்னால் இருபது பேர் வரிசையில் நின்றுவிட்டார்கள்.

"முனாஸ், காலுக்கு வேல குடுத்தீங்க, இதயம் தேறிடுச்சு," என்றாள் மஸூதா. "தலைக்கும் கொஞ்சம் வேல குடுங்க. அல்லாஹ் அத தொப்பி போட மட்டுமா தந்தான்?"