பொங்கியண்ணன் தோட்டத்தில் கண்டுபிடிக்கப்பட்ட எரிபொருள்

பிரபஞ்சம் எப்படித் தோன்றியது? உயிர் எங்கிருந்து வந்தது? டீசலுக்குப் பதில் என்ன? விஞ்ஞானத்துக்கு விடை தெரியாத மாபெரும் கேள்விகள் இந்த மூன்றுதான். முதல் இரண்டையும் பெருந்தன்மையோடு வெளிநாட்டுக்காரர்களுக்கு விட்டுக்கொடுத்த சர்க்கார், மூன்றாவதைத் தீர்த்துவைக்க 1974-ஆம் வருஷம் கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே பொங்கியண்ணன் தோட்டத்துக்கு ஒரு கமிட்டியை அனுப்பியது. கமிட்டி மூன்று ஜீப்பில் வந்தது. சிக்கனத்தை ஆராய்வதென்றால் சும்மாவா?

பொங்கியண்ணனுக்கு அப்போது ஒரே கவலைதான். கடலைக்காடு பூ விட்டு நிற்கிறது. இன்னும் ஒரு தண்ணீர் பாய்ந்தால் வெள்ளாமை வீடு வந்து சேரும். பாயாவிட்டால் வருஷம் முழுக்க வயிற்றில் ஈரத்துணிதான். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது, மேட்டில் எஞ்சினும் இருக்கிறது. டீசல்தான் ஊரிலேயே இல்லை. அந்த ஒரு தண்ணீருக்கென்று ஒரே ஒரு கேன் டீசலை அம்மன் நகைபோல உள்வீட்டில் பூட்டி வைத்திருந்தார்.

“ஒண்ணும் பேடிக்க வேண்டாம், பொங்கியண்ணா” என்று தைரியம் சொன்னார் கமிட்டித் தலைவர் டாக்டர் கைமள். “சாணத்திலேர்ந்து வாயு வரும். வாயுவில எஞ்சின் ஓடும். டீசலை மறந்துடலாம்.”

“சாணத்துக்கு மாடு வேணுமுங்களே சார். மாட்டை வித்துத்தானுங்க எஞ்சின் வாங்குனேன்.”

“மாட்டை யார் விக்கச் சொன்னது?”

“இதுக்கு முன்னால வந்த கமிட்டிங்க. காளை பூட்டி எறைக்கறது நாகரிகம் இல்லைன்னாங்க.”

டாக்டர் கைமள் ஆழ்ந்து யோசித்தார். சாணத்தை லாரியில் வரவழைப்பது என்று அங்கேயே, மரத்தடியிலேயே, ‘ஏகமனதாக’ முடிவானது. குழி வெட்டினார்கள். அதன்மேல் இரும்பு டிரம்மைக் கவிழ்த்தார்கள். பொள்ளாச்சிச் சந்தையிலிருந்து லாரியும் புறப்பட்டது. மாநில எல்லைச் செக்போஸ்ட்டில் அந்தச் சரக்கு எருவா, எரிபொருளா என்று விவாதம் நடந்தபோது, நிறுத்தினால் மறுபடி கிளம்பாது என்று டிரைவர் ஆறுச்சாமி எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே காத்திருந்தான். ஒருவழியாக வந்து சாணத்தைக் கொட்டிவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

“டீசல் தீந்துபோச்சுங்க.”

எல்லோரும் பொங்கியண்ணனைப் பார்த்தார்கள். அவருடைய பரம்பரையில் வாசலுக்கு வந்தவரை இல்லையென்று திருப்பி அனுப்பிய வழக்கம் கிடையாது. அந்தப் பெருமை ஒன்றுதான் அவர் இதுவரை விற்காதது. உள்ளே போய்க் கேனைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

மனைவி மருதாத்தாள் வழியை மறித்தாள். “ஏனுங்க, அது நம்ம கடலைக்குத் தண்ணிங்க.”

“ஊட்டுக்கு வந்தவங்களை நடந்து போகச் சொல்ல முடியுமா, புள்ள?”

“அந்தக் கடலை மட்டும் ஊட்டுக்கு வரவேண்டாமுங்களா?”

பொங்கியண்ணன் அவளைச் சுற்றிக்கொண்டு லாரிக்கு நடந்தார். ஒரு சொட்டு மிச்சமில்லாமல் ஊற்றிவிட்டார். கமிட்டி கைதட்டியது.

லாரி போன பிறகுதான் டாக்டர் கைமள் ஒரு சின்ன விஷயத்தைச் சொன்னார். சாணம் எவ்வளவோ அவ்வளவு தண்ணீர் கலந்தால்தான் வாயு வரும்.

“தண்ணிக்கு என்னங்க பண்றது?”

“எஞ்சினை ஓட்டி இறைச்சுக்கணும்.”

“எஞ்சினுக்குங்க?”

“அதுக்குத்தானே வாயு.”

“வாயுவுக்குங்க?”

“தண்ணி.” டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். இவ்வளவு பூரணமான திட்டத்தை அவர் இதுவரை கண்டதில்லை. ஆராய்ச்சி கெடாமலிருக்க டிரம்முக்குச் சீல் வைத்துவிட்டு மூன்று ஜீப்பும் கிளம்பின.

அறுவடைக் காலத்தில் கமிட்டி சால்வையோடு திரும்பி வந்தது. திட்டம் மகத்தான வெற்றி என்று டாக்டர் கைமள் பேசினார். பொங்கியண்ணனின் எஞ்சின் இந்தப் போகத்தில் ஒரு சொட்டு டீசல்கூடக் குடிக்கவில்லை. இப்படி ஒரு சிக்கனத்தை ஜில்லாவில் வேறெந்த விவசாயியும் சாதிக்கவில்லை. பொங்கியண்ணன் சால்வைக்குள் கூனிக்குறுகி நின்றார். அவருக்குப் பின்னால் கடலைக்காடு மொத்தமும் கருகிக் கிடந்தது.

பேசியதில் டாக்டருக்குத் தொண்டை காய்ந்துவிட்டது. வந்தவர்களுக்கு ஒரு வாய் காப்பி கொடுக்காமல் அனுப்ப முடியுமா? டிரம்மிலிருந்து நாற்றம் மட்டுமே வந்ததால், மருதாத்தாள் காட்டுக்குள் இறங்கி ஓர் அணைப்பு அள்ளிவந்து அடுப்பில் திணித்தாள். தீ திகுதிகுவென்று பிடித்தது. டாக்டர் உட்கார்ந்து நிமிர்வதற்குள் காப்பி வந்துவிட்டது.

“இத்தனை சீக்கிரமா கொதிச்சுதா?” டாக்டர் அடுப்பை எட்டிப் பார்த்தார். “அருமையான எரிபொருளா இருக்கே. இது யார் கண்டுபிடிச்சது?”

“நீங்கதானுங்க சார். காய்ஞ்ச கடலைக்கொடிங்க” என்று டம்ளரை அவர் கையில் கொடுத்தாள் மருதாத்தாள். “இப்போதைக்கு எங்க தோட்டத்துல மட்டுந்தானுங்க கெடைக்குது. இன்னும் நாலு கமிட்டி வந்துதுன்னா ஜில்லா முச்சூடும் கெடைக்குமுங்க.”