ஒருத்தியைத் தேடப் போனவர்

என் மூத்த மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே என் முழங்காலைத் தவிர எல்லாரும் சுகம். அங்கே நீயும், உன்னிடம் இருக்கிற சின்னதும் சுகமாக இருக்கணும்.

அன்றைக்கு வீட்டில் இருந்தவர்கள்: உன் தம்பி, அவன் பெண்டாட்டி, அவளுடைய அம்மா, கூப்பிடாமலே வந்து சோபாவில் இடம்பிடித்த எதிர்வீட்டு ரேடியோ (அது பேர் இல்லை, குணம்), அப்புறம் நான். இல்லாதவள் பேத்தி மட்டும்தான். பதினாறு வயசு. முந்தின நாள் முடியை ஒட்டக் கத்தரித்துக்கொண்டு வந்து நின்றாள். "உங்க அத்தை மாதிரியே நீயும் ஒருநாள் ஓடத்தான் போறே"ன்னு உன் தம்பி கத்தினான். விடிஞ்சு பார்த்தா படுக்கை காலி.

போலீஸுக்குப் போனா நாலு பேர் சிரிப்பாங்கன்னு உன் தம்பி ஒரு டிடெக்டிவைக் கூட்டி வந்தான். அம்மாடி, அந்த மனுஷனை என்னன்னு சொல்ல! கதவு திறந்த சத்தமே கேக்கலை, நாற்காலியில உட்கார்ந்திருக்கார். பார்த்த அடுத்த நிமிஷம் மறந்துபோகிற முகம். எனக்கே மறந்துபோச்சுன்னா பார்த்துக்கோ! ரெண்டாங்கிளாஸில் நீ யார் பென்சிலைக் கடிச்சு வெச்சேன்னு ஞாபகம் வெச்சிருக்கிறவ நான்.

போட்டோ கேட்டார். உன் தம்பி போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். எல்லாத்திலும் பிள்ளைக்குப் பூனைக்காது, பூனைமீசை. "பூனை தேடறது என் தொழில் இல்லீங்க, அடையாளம் சொல்லுங்க"ன்னார். "யூனிஃபார்ம்ல இருப்பா"ன்னான் பெத்தவன். அன்னிக்கு ஞாயித்துக்கிழமை. "எங்க பக்கத்து மூக்கு"ன்னாங்க சம்பந்தியம்மா. "காதல்தான், வேறென்ன"ன்னா ரேடியோ. அவர் கண்ணைக்கூடச் சிமிட்டாம எல்லாத்தையும் வாங்கிக்கிட்டார்.

ஷூ மாட்ட வாசலுக்குப் போனப்போ நான் பின்னாலேயே போய் நின்னேன். "பாட்டி, நீங்க சொல்லுங்க"ன்னார். சொன்னேன். இடது புருவத்துல தழும்பு, தையல் மெஷின்ல முட்டிக்கிட்டது. சிரிச்சா வாயைப் பொத்திக்குவா. கையில துணி கிடைச்சா, பேசிக்கிட்டே ஓரத்தைக் கொசுவிக்கிட்டு இருப்பா. ஒரு எழுத்து குறிச்சுக்காம நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துப்போச்சு. என் ஞாபகத்துக்கு ஈடா ஒருத்தரை இந்த வயசுலதான் பார்க்கிறேன்.

அப்புறம் துணிக்கடை துணிக்கடையா ஏறி இறங்கியிருக்கார். நம்ம பஸ் போய் நிக்கிற கடைசி ஸ்டாப்புல ஒரு கடைக்காரர், "என்னங்க, நேத்து ஒரு பொண்ணும் இதே தழும்பைத்தானே கேட்டுச்சு! திரைச்சீலை தைக்கிற அக்காகிட்ட அனுப்பினோம்"னு சொல்லியிருக்கார். போய்ப் பார்த்தா, மெஷின்ல நீ. தரையில உட்கார்ந்து திரைக்கு வளையம் கோக்கிறது சின்னது.

போன்ல இதைக் கேட்டதும் உன் தம்பி என் பக்கம் திரும்பினான். "அம்மா! யாரோட அடையாளத்தைச் சொல்லி அனுப்பினே?"

"வயசாச்சுப்பா, குழம்பிட்டேன்"னேன்.

"பாவம், மறதி வியாதி ஆரம்பிச்சிருச்சு"ன்னா ரேடியோ.

டிடெக்டிவ் மட்டும் திரும்பி வந்து, "ஒருத்தரைத் தேடிப்போய் ரெண்டு பேரைக் கண்டுபிடிச்சது இதான் முதல் தடவை, பாட்டி"ன்னு கும்பிட்டார். நான் பதிலுக்குக் கும்பிட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கொண்டு வர்றவரும் அவர்தான். வந்த சத்தம் கேக்காது, திரும்பிப் பார்த்துக்கோ. சின்னதை அவரோட அனுப்பிடாதே. நீயே கூட்டிக்கிட்டு வா. எனக்கு உன் மேலயும் வருத்தமில்லை, யார் மேலயும் வருத்தமில்லை. ஊசியில் நூல் கோக்கிற பார்வை குறையாமல் நீ நூறு வயசு இருக்கணும்.

இப்படிக்கு,
அம்மா

பி.கு.: குழம்பிட்டேன்னது பொய். முடி வெட்டின அன்னிக்குச் சாயந்தரம் சின்னது என் மடியில படுத்துக்கிட்டு, "அத்தை எப்படி இருப்பாங்க பாட்டி?"ன்னு ஒவ்வொண்ணா கேட்டுச்சு. படுக்கை காலின்னதும் எங்கே போயிருக்கும்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு. உன்னைப் பிடிச்சா அவளும் கிடைப்பா. அதுவுமில்லாம, தேடறதே தொழிலா இருக்கிற ஒரு ஆள் நம்ம வாசலுக்கு வந்து நிக்கும்போது, ஒருத்தியை மட்டும் தேடச் சொல்ல எனக்கு மனசு வரலை. யார் மேலயும் வருத்தமில்லைன்னதும் பொய்தான். நீ போன அன்னிக்கு, "அவளை யாரும் தேடக்கூடாது"ன்னு கதவை மறிச்சுக்கிட்டு நின்னவர் இப்போ சுவத்துல மாலையோட தொங்கறார். இருக்கட்டும். உங்க அப்பாவை மட்டும் மன்னிக்க மாட்டேன்.