கூரை நீங்கலாக நலம்

அன்புள்ள மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இந்த முதல் வரிக்கே தாள் தாளாகக் கிழித்தேன். 'மருமகள்' என்றால் இப்போது உனக்குச் சங்கடமாக இருக்குமோ என்று 'மகளுக்கு' என்று மாற்றினேன். "அவளைப் பெத்தவங்க குத்துக்கல்லாட்டம் இருக்காங்க, நீங்க யாரு மகளாக்கறதுக்கு" என்றாள் உன் அத்தை. பெயரை மட்டும் எழுதினால் அலுவலக நோட்டீஸ் மாதிரி இருந்தது. ஆகவே பழையபடியே எழுதிவிட்டேன், பொறுத்துக்கொள். இங்கே நானும் அத்தையும் கூரை நீங்கலாக நலம். அங்கே நீயும், உன் வேலையும், உன்னைப் பெற்றவர்களும் சுகமென்று நம்புகிறேன்.

போன வாரம் நீ போனில், "மச்சுல இருக்கற அவரோட சட்டையில ஒன்னு ரெண்டு நான் எடுத்துக்கறேன் மாமா, அந்த நீலக் கட்டம் போட்டது கண்டிப்பா வேணும்" என்று கேட்டாய். "அதுக்கென்ன, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிட்டு, யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று போனை வைத்துவிட்டேன். யாரும் தட்டவில்லை. உன்னிடம் சொல்ல வேண்டியதை வாயால் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

மழைக்காலம் ஆரம்பித்த சமயம், எங்கள் படுக்கையறையில் தலைக்கு மேலே மச்சுப் பலகையில் கடுகளவு ஒரு கறுப்புப் புள்ளி தெரிந்தது. ஈ என்று நினைத்துத் துண்டால் விசிறினேன், போகவில்லை. மறுநாள் அது தன் சொந்தபந்தங்களை அழைத்து வந்திருந்தது. சில நாளில் தட்டளவு கறுத்து, நடுவில் சாம்பல் நிறத்தில் பஞ்சுபோலப் பூசணம் முளைத்து, அறை முழுக்க நனைந்த சாக்கு வாடை. காப்பீட்டு அலுவலகத்தில் இருந்த காலமெல்லாம் அடுத்தவர் வீட்டு ஒழுகலைப் பார்த்து 'உரிமையாளரின் அலட்சியத்தால் நேர்ந்த சேதம்' என்று எழுதி எழுதியே ஓய்வு பெற்றவன் நான் என்பது உனக்குத் தெரியும். எத்தனை பேர் வயிற்றெரிச்சலோ, எல்லாம் கூடி என் தலைக்கு மேலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. நானே மச்சில் ஏறிப் பார்த்திருக்கலாம். ஆனால் என் பையன் இறந்த பிறகு அவன் துணிப்பெட்டியை மேலே ஏற்றினோமே, அன்றோடு சரி, நான் அந்த ஏணியில் கால் வைக்கவில்லை. கேட்பவர்களிடம் முழங்கால் வலி என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

முதலில் ஓடு மாற்றுகிறவர் வந்தார். கூரை மேல் நடந்து பார்த்துவிட்டு, "ரெண்டு ஓட்டுல விரிசல் சார், மாத்திட்டா உள்ள பாலைவனம்தான்" என்றார். மாற்றினார். பாலைவனம் வரவில்லை. திரும்பக் கூப்பிட்டதும் அறையில் நின்று அண்ணாந்து பார்த்து, "மழை விட்டு நாளாச்சு, பலகை நனைஞ்சிருக்கு. அப்ப தண்ணி மேல இருந்து வரல சார், உள்ள இருந்துதான் வருது" என்று சொல்லிக் குழாய்க்காரரைக் கைகாட்டினார். குழாய்க்காரர் குளியலறைச் சுவரை உடைத்து, குழாய் அருமையாக இருக்கிறது என்று பாராட்டி, சுவரை மூடுவது கொத்தனார் வேலை என்று கிளம்பிவிட்டார். இப்போது நான் குளித்தபடியே அடுப்பில் பால் பொங்குகிறதா என்று பார்த்துச் சொல்ல முடிகிறது. பிறகு பெயின்டர் வந்து பூசணத்தைக் கொல்லும் பெயின்ட் அடித்து, "இனி எதுவும் முளைக்காது, நான் பொறுப்பு" என்றார். பத்து நாளில் வெள்ளைப் பலகையில் அது முன்னைவிடத் தெளிவாகத் தெரிந்தது. போனில் கேட்டால், "அத நான் கொன்னுட்டேன் சார், இது வேற பூசணம்" என்கிறார். இத்தனைக்கும் நடுவே உன் அத்தை மட்டும், "ஈரம்னா காயத்தானே செய்யும், விடுங்க" என்பாள். மச்சுக்குள் யாராவது ஏறப் பார்த்தால், "இன்னிக்கு வேணாம், மேல ஒரே தூசி, கூட்டி வைக்கிறேன், நாளைக்கு வரச் சொல்லுங்க" என்பாள். சுத்தக்காரி என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் மதியம் படுத்திருக்கும்போது என் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. வெளியே வெயில் கொளுத்துகிறது. விரலால் தொட்டு முகர்ந்தேன், சோப்பு வாசனை. எந்த மழையும் சோப்புப் போட்டுக்கொண்டு வராது. முழங்காலை மறந்து ஏணியில் ஏறிவிட்டேன்.

கூரை மரங்களுக்குக் குறுக்கே கொடி கட்டி, அவனுடைய சட்டைகள் எல்லாம் பொத்தான் போட்டு வரிசையாகத் தொங்கின. சொட்டச் சொட்ட ஈரம். தெருவில் போகிறவர்கள் பார்த்துவிடக் கூடாது என்று சிறு ஜன்னலைக் கந்தலால் அடைத்திருந்தாள். உன் அத்தை பெட்டி மேல் உட்கார்ந்து ஒரு காலரை பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"முதல் வருஷம் துவைக்கவே இல்லங்க. அவன் வாசனை இருந்துச்சு. அப்பப்ப வந்து எடுத்துப் பாத்துட்டு வெச்சிடுவேன். அப்புறம் மழையில பூசண வாடை ஏறிடுச்சு. அத எப்படி அப்படியே விடறது, துவைச்சேன். கொஞ்ச நாள்ல மறுபடி அதே வாடை. மறுபடி துவைச்சேன்."

"துவைச்சு இங்கயே காயப்போட்டா ஈரம் எங்க போகும்? அதுதான பூசணமா வருது. கொல்லையில கொடி இருக்கில்ல?"

"கொல்லையில போட்டா நீங்க பாப்பீங்க."

சேதத்துக்குக் காரணம் கண்டுபிடித்து எழுதுவதே தொழிலாக இருந்தவன், அந்தப் பலகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன். நீ கேட்ட நீலக் கட்டம் போட்டதை எடுத்து உதறினேன். தோளிலிருந்து முதுகு வரை சத்தமே இல்லாமல் பிரிந்து வந்தது. ஈரத்திலேயே கிடந்து நூல் மக்கிப்போயிருந்தது. "அத மட்டும் ரொம்ப துவைச்சிட்டேன் போல" என்றாள்.

இருவருமாக எல்லாவற்றையும் கீழே இறக்கி, பட்டப்பகலில் கொல்லைக் கொடியில் போட்டோம். பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேல் எட்டி, "புள்ளைங்க யாராச்சும் வந்திருக்காங்களா?" என்றாள். "இல்லம்மா, பழசு" என்று சொல்லிவிட்டு அத்தை உள்ளே போய்விட்டாள். வெயிலில் பார்த்தால் உருப்படியாக ஒன்றுகூட இல்லை. கையை வைத்த இடமெல்லாம் கிழிந்தது. "மச்சு நல்லா இருக்கணும்னா இதெல்லாம் போகணும்" என்று நான்தான் சொன்னேன். அவள் ஒவ்வொன்றாக மடித்துக் கொடுத்தாள், குப்பைக்குப் போகிறதை யாராவது மடிப்பார்களா. பிறகு ஜன்னலைத் திறந்து, பலகைகளைச் சோடா உப்புத் தண்ணீரில் தேய்த்தேன். மச்சு இப்போது காய்ந்து காலியாக இருக்கிறது.

ஆகவே இந்த வீட்டில் உனக்கு எடுத்துப்போக எதுவும் இல்லை. அன்று போனில், தனியாக வரமாட்டாய், கூட ஒருவர் வருவார் என்றும் தயங்கித் தயங்கிச் சொன்னாய். புரிந்தது. உன் மனசுக்கு ஒரு துணை கிடைத்ததில் எனக்கு நிம்மதிதான். ஆனால் அத்தை தாங்குவாளா என்று தெரியவில்லை, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அதனால் வீண் அலைச்சல் வேண்டாம், வர வேண்டாம். இங்கிருந்தே வாழ்த்துகிறோம். நீங்கள் குடியிருக்கும் வீடு காற்றோட்டமாக, வெயில் வருகிறதாக, சொட்டுத் தண்ணீர் ஒழுகாததாக அமையட்டும்.

இப்படிக்கு,
மாமா

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நேற்று மாலை பெரிய மழை. மச்சில் இப்போது ஒரு கைக்குட்டைகூட இல்லை, ஆனாலும் அதே இடத்தில் தண்ணீர் கொட்டுகிறது. உச்சி ஓடு ஒன்று நகர்ந்திருக்கிறது. ஓட்டுக்காரரும் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. உன் அத்தை வாளியை வைத்துவிட்டு அண்ணாந்து பார்த்தாள். "அப்ப சட்டையால இல்ல" என்றாள். சட்டையாலும்தான் என்று சொல்ல வாயெடுத்தேன். "உன்னால இல்ல" என்று மட்டும் சொன்னேன். பிறகு இந்தக் கடிதத்தை வாங்கி முழுக்கப் படித்தாள். உன்னோடு வருகிறவரைப் பற்றி நீ அவளிடம் போன மாதமே சொல்லிவிட்டாயாமே. "உங்களுக்குத்தான் தாங்காதுன்னு நான் சொல்லல" என்கிறாள். அதனால் மேலே 'வர வேண்டாம்' என்று இருப்பதை அடித்துவிட்டதாக வைத்துக்கொள். இருவரும் வாருங்கள். அந்த ஓடு மச்சில் ஸ்டூல் போட்டும் எனக்கு எட்டவில்லை. அவர் எவ்வளவு உயரம் என்று உன் அத்தை கேட்கச் சொன்னாள்.